பரவாயில்லை என்று சொல்லக் கூடாது

இந்த முருங்கைக்கீரையை உருவிக்கொண்டேதான் பேசுவேன் அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கையில் வேலை இருந்தால்தான் எனக்கு வாய் வரும். கை சும்மா இருந்தால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்கிறது. சின்னதிலிருந்தே இப்படித்தான்.

அந்தப் பலகையை இழுத்துப் போட்டு உட்காருங்கள். மீட்டிங்குக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வர்ஷி அப்பா பந்தல் கடையிலிருந்து நாற்காலி எடுத்து வரப் போயிருக்கிறார். நீங்கள் இந்த வீதிக்குப் புதுசாகக் குடிவந்தவர்கள், அதனால் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டீர்கள். மற்றவர்களெல்லாம் டிவி நாடகம் முடிந்துதான் வருவார்கள்.

அந்தச் சத்தமா? குக்கர் இல்லை அக்கா. விசில் மாதிரிதான் கேட்கும். உள் அறையில் என் பெண் இருக்கிறாள். வர்ஷினி. ஐந்து வயது. தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருக்கிறேன். மூச்சு உள்ளே போகும்போது ஒரு சத்தம், வெளியே வரும்போது ஒரு சத்தம். பழகிவிட்டால் கேட்காது.

அவளைப் பற்றித்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் கூடத்தில் நின்று பேசப் போகிறேன். ஆமாம், நான்தான். உங்களை வரச் சொல்லும்போது வர்ஷி அப்பா சொல்லியிருப்பாரே, "என் சம்சாரம் பேசுவா, வந்து கேளுங்க"ன்னு. சிரிப்பாக இருக்கிறதா? எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆறாவது வரைக்கும் போனேன். வாத்தியார் பேர் கூப்பிட்டால் எழுந்து நின்று 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். எனக்கு எழுந்திருக்க வரும், சொல்ல வராது. நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன், அவர் வரவில்லை என்று போட்டுவிடுவார். அப்படிப்பட்டவளுக்கு ஈரோட்டில் கல்யாண மண்டபத்து மாடியில், ஏசி ஹாலில், பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். இந்தக் கொத்தைப் பிடித்துக்கொள்கிறீர்களா? வேண்டாம், வேண்டாம், நீங்கள் விருந்தாளி.

வர்ஷி அப்பா தறிப்பட்டறையில் இருந்தார். முதலாளி தறியை எல்லாம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அதன் பிறகு ஒரு வேலையும் நிலைக்கவில்லை. அப்போதுதான் பட்டறையில் கூட இருந்த ஒருத்தர் இந்தப் பொடி டப்பாவைக் கொண்டுவந்தார். பச்சை டப்பா. வெந்நீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், ஊறின வைக்கோல் மாதிரி வாசம் வரும். வர்ஷிக்குக் குழந்தையிலிருந்தே மூச்சு இழுப்பு. பெரிய ஆஸ்பத்திரியில் பம்பு கொடுத்திருந்தார்கள். பாட்டில் மாதிரி ஒன்றில் சொருகி, வாயில் வைத்து, காலையும் சாயங்காலமும் அடிக்க வேண்டும். அதையும் அடித்தோம், பொடியும் கொடுத்தோம். நன்றாகத்தான் இருந்தாள். பொய் சொல்லக் கூடாது, அந்த மழைக்காலம் முழுக்க இழுப்பே இல்லை. வர்ஷி அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. போகிற வருகிறவர்களிடமெல்லாம் பொடி கொடுத்தோம், பொடி கொடுத்தோம் என்று சொன்னார். அவர் மனசார நம்பித்தான் சொன்னார். அப்படியே அந்தப் பொடிக் கம்பெனியில் ஆள் சேர்க்கிற வேலையில் சேர்ந்தும் விட்டார்.

ஆனால் அவர் சொன்னால் யாரும் சேரவில்லை அக்கா. சட்டையை இன் பண்ணி, கண்ணாடி முன்னால் நின்று பழகிவிட்டுத்தான் போவார். வந்து சொல்வார், "நான் பேசினா ஜனம் மணி பாக்குது புள்ள"ன்னு. கம்பெனியில்தான் யோசனை சொன்னார்களாம், பெற்றவளைப் பேச வையுங்கள் என்று. அம்மா சொன்னால் யாரும் மணி பார்க்க மாட்டார்கள் என்று.

நான் மாட்டேன் என்றேன். மாட்டேன் என்று சொல்லக்கூட வாய் வரவில்லை. தலையைத்தான் ஆட்டினேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

பயிற்சி கொடுக்க வந்தவர் ஷர்மிளா மேடம். கோயமுத்தூர். பேங்க் ஆட்களுக்கு, பெரிய கம்பெனி ஆட்களுக்கெல்லாம் மேடையில் பேசக் கற்றுக்கொடுப்பதுதான் அவருக்குத் தொழிலாம். காட்டன் சேலை, கழுத்தில் ஒன்றும் இல்லை, ஆனாலும் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தார். ஒவ்வொருத்தராக எழுந்து பேச வேண்டும். அதைப் போனில் பிடித்து, பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். நான் எப்படி நிற்கிறேன் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன் அக்கா. முந்தானையை விரலில் சுற்றுகிறேன், அவிழ்க்கிறேன், சுற்றுகிறேன். ஒரு வார்த்தை இல்லை.

மேடம் கேட்டார், "சரிம்மா, பேச வேண்டாம். உன் பொண்ணு எப்படி இருக்கா? அதை மட்டும் சொல்லு."

"பரவாயில்லைங்க மேடம்."

"பரவாயில்லைன்னா?"

"ஏதோ இருக்கறாங்க மேடம்."

ஹாலே சிரித்தது. மேடமும் சிரித்தார். "ஏதோ இருக்கறாளா? ஏம்மா, பக்கத்து வீட்டு மாட்டைக் கேட்டாக்கூட இதைவிட நல்லா சொல்லுவியே" என்றார்.

நீங்களே சொல்லுங்கள் அக்கா. நம் பக்கத்தில் பெற்றவள் வாயால் பிள்ளை நன்றாக இருக்கிறது என்று சொல்வாளா? கொழுகொழு என்று இருந்தாலும் 'எங்கே திங்கறா' என்போம். காய்ச்சல் விட்டால் 'என்னமோ, இன்னைக்குத் தேவலை' என்போம். தாய்க் கண்ணே பொல்லாத கண் என்று சொல்கிறது சும்மாவா? பெற்றவள் பார்த்துப் பூரித்தாலே படும். அதிலும் நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொன்னால்?

மேடத்திடம் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவர் கை வைத்துக்கொண்டிருந்தார், என் தோள் மேலே. "உனக்கு நல்ல குரல் சுகுணா. உனக்கே தெரியாது" என்றார். என்னை அப்படி யாரும் சொன்னதில்லை. தோளைத் தொட்டும் சொன்னதில்லை, தொடாமலும் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அக்கா நான் கற்றுக்கொண்டேன். டப்பாவுக்காக இல்லை.

நிறையச் சொல்லிக்கொடுத்தார். எழுந்தவுடன் பேசாதே, மூன்று எண்ணு. கூட்டத்தைப் பார்க்காதே, ஒரே ஒரு முகத்தைப் பார், அந்த முகத்துக்கு மட்டும் சொல். முன்னால் பட்ட கஷ்டம், நடுவில் பொடி, கடைசியில் சிரிப்பு. அழுகை வந்தால் வரட்டும், ஆனால் மூக்கைச் சிந்தாதே. பரவாயில்லை, தேவலை, ஏதோ, என்னமோ, இந்த நாலும் வாயில் வரக் கூடாது. 'என் பொண்ணு இன்னைக்கு நல்லா இருக்கா.' இதுதான் கடைசி வரி. இதைச் சொல்லிவிட்டு மறுபடி மூன்று எண்ணு, பிறகு சிரி.

கையை என்ன செய்வது என்று கேட்டேன். பேனா கொடுத்தார். அதை மூடித் திறந்து மூடித் திறந்து ஸ்பிரிங்கைத் தெறிக்க விட்டுவிட்டேன். பிறகு கேட்டார், "வீட்டுல எப்பம்மா நீ பேசுவே?" கீரை உருவும்போது பேசுவேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "அப்ப மேடையிலயும் கீரை உருவு. கையை வயித்துக்கு நேரா வச்சுக்க, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் லேசா உரசட்டும், மனசுக்குள்ள இலை விழட்டும்" என்றார். விழுந்தது அக்கா. அன்றைக்கே விழுந்தது. நான் பேசினேன். வட்டத்தில் இருந்த ஒரு ஆள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது மேடம் என்னமோ நினைத்துக்கொண்ட மாதிரி கேட்டார், "இப்ப பம்பு நிறுத்தியாச்சு இல்ல?" இல்லைங்க, அடிக்கிறோம் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. வர்ஷி அப்பாவைக் கூப்பிட்டார். "பூபதி சார், அப்ப இவங்க சொல்றது பொய்யாயிடுமே. பொய் சொன்னா மேடையில முகத்துல தெரிஞ்சுடும். நான் யாருக்கும் பொய் சொல்லக் கத்துக்கொடுக்கறதில்லை" என்றார். எவ்வளவு நேர்மையான மனுஷி பாருங்கள். அந்தக் காலத்தில் அப்படி இருந்திருப்பார்கள், இந்தக் காலத்தில் யார் இருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வர்ஷி அப்பா பம்பையும் பாட்டிலையும் எடுத்துப் பரண் மேலே வைத்துவிட்டார், விசேஷத்துக்கு எடுக்கிற பாத்திரங்களோடு. எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. எனக்கும் பொய் சொல்ல வராது.

முதல் மேடை பெருந்துறையில். மூன்று எண்ணினேன். ஒரு முகம் தேடினேன். மூன்றாவது வரிசையில் ஒரு பெண், என் வயசுதான் இருக்கும், மடியில் பிள்ளை. பிள்ளைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்தே சொன்னேன். 'என் பொண்ணு இன்னைக்கு நல்லா இருக்கா.' சிரித்தேன். கை தட்டினார்கள். ஆனால் அந்தப் பெண் தட்டவில்லை. தன் பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு பெருமூச்சு விட்டாள். மைக் இருந்தும் எனக்குக் கேட்டது. அதுதான் அக்கா. அங்கேதான் கண் விழுந்தது.

இரண்டு நாள் கழித்து வர்ஷிக்கு இழுப்பு வந்துவிட்டது.

நான் சும்மா இருக்கவில்லை. முச்சந்தி மண், உப்பு, வரமிளகாய், சுற்றி அடுப்பில் போட்டேன். கதவைச் சாத்திவிட்டுத்தான் போட வேண்டும், தெரியுமே உங்களுக்கு. நெடி வரவில்லை என்றால் கண் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு நெடி வரவில்லை. வர்ஷி அப்பாவுக்கும் வரவில்லை. பிள்ளை மட்டும்தான் இருமினாள், இருமினாள், நீலமாகிற அளவுக்கு இருமினாள். அவ்வளவு கண் பட்டிருக்கிறது. செவ்வாய், வெள்ளி விடாமல் போட்டேன்.

வர்ஷி அப்பா அதற்குத் திட்டினார். "படிக்காதவ மாதிரி பண்ணாத. உள்ள இருக்கற சளியெல்லாம் பொடி கிளப்பி வெளியே தள்ளுது. அதான் இழுக்குது. இது நல்லதுக்குத்தான்" என்றார். அவர்களுக்குக் கம்பெனியில் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர் பிளஸ் டூ வரைக்கும் படித்தவர். ஆனாலும் அக்கா, சில விஷயம் படிப்புக்குத் தெரியாது.

அடுத்த மேடை கோபியில். அங்கே பெருந்துறையை விட நன்றாகப் பேசிவிட்டேன். பேசும்போதே தெரிந்தது. இலை தானாக விழுகிறது. இழுப்பு வந்தால் பிள்ளை விலா எலும்புக்கு நடுவில் பள்ளம் விழும், அதைக் கையால் காட்டினேன், மேடம் சொல்லிக்கொடுக்காதது, நானாகக் காட்டினேன். ஜனம் அழுதது. எத்தனை பேர் பெருமூச்சு விட்டார்களோ. பஸ்ஸில் வரும்போது வர்ஷி அப்பா ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டார். கல்யாணமானதிலிருந்து அவர்தான் ஜன்னல் ஓரம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போன பிள்ளைக்கு உதடு கறுத்திருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூக்கில் மூடி வைத்துப் புகை மாதிரி மருந்து பிடித்தார்கள். அங்கே ஒரு நர்ஸ் கேட்டாள், "பம்பு ஒழுங்கா அடிக்கறீங்களாம்மா?" நான் அவளைப் பார்த்தேன். ஒரே ஒரு முகம். மூன்று எண்ணினேன். வாய் வரவில்லை அக்கா. கையில் பிள்ளைதான் இருந்தாள், பிள்ளையை வைத்துக்கொண்டு என்னத்தை உருவுவது? வர்ஷி அப்பாதான் பதில் சொன்னார். நிதானமாக, முகத்தைப் பார்த்து, பொடியைப் பற்றி ஆரம்பத்திலிருந்து சொன்னார். நர்ஸ் பாதியிலேயே மணி பார்த்துவிட்டாள். "பொடியும் வேண்டாம் கிடியும் வேண்டாம், பம்பை விட்டா பிள்ளையை விடணும், பாத்துக்குங்க" என்று கத்திவிட்டுப் போனாள். எப்படிப்பட்ட வாய் பாருங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறவளிடம் சொல்கிற பேச்சா? நல்லவேளை, பக்கத்துக் கட்டில்காரி தன்மையானவள். டப்பா எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டாள்.

புதுப் பம்பு ஒன்று கொடுத்துவிட்டார்கள். அதுவும் பரண் மேலேதான் இருக்கிறது.

இப்போது சொல்கிறதைக் கவனமாகக் கேளுங்கள். அந்த வாரமே பவானியில் மீட்டிங். நான் வேண்டுமென்றே கெடுத்துவிட்டேன். மூன்று எண்ணவில்லை. தரையைப் பார்த்தேன். பரவாயில்லைங்க என்றேன். தேவலைங்க என்றேன். ஏதோ இருக்கறாங்க என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். யாரும் தட்டவில்லை, ஒருத்தரும் பெருமூச்சு விடவில்லை. அந்த வாரம் முழுக்க வர்ஷி நன்றாக இருந்தாள் அக்கா. ஓடினாள். கயிறு தாண்டி ஆடினாள். ஆஸ்பத்திரியில் புகை பிடித்துவிட்டு வந்த வாரம்தான் அது, இல்லை என்று சொல்லவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். பேசினால் இழுக்கிறது, பேசாவிட்டால் இழுக்கவில்லை. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

ஆனால் பவானியிலிருந்து வரும்போது வர்ஷி அப்பாவே ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். சத்தம் போட்டிருந்தால் தேவலை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பட்டறை மூடினபோதுகூட அப்படிப் படுக்கவில்லை. "உனக்கு வருது. வரலைன்னா நான் கேக்க மாட்டேன். வருது, வச்சுக்கிட்டு தர மாட்டேங்கற" என்றார். அதைக் கேட்ட பிறகு நான் என்ன செய்வேன்?

இன்றைக்கு இந்த மீட்டிங்தான் கடைசி. மேடமே வருகிறார். கூடவே கம்பெனி ஆட்களும் வருகிறார்கள். இன்றைக்குச் சரியாக வரவில்லை என்றால் வர்ஷி அப்பா பேரைக் கம்பெனியிலிருந்து எடுத்துவிடுவார்களாம். அதனால் நாலைந்து நாளாக வீட்டிலேயே பழகினேன். இந்த அடுப்புச் சுவரைப் பார்த்துத்தான் பழகினேன். சுவருக்குச் சொன்னதுக்கே பிள்ளைக்கு மறுபடி ஆரம்பித்துவிட்டது, கேட்கிறதே. முன்னெல்லாம் நடுநடுவே விடும். இன்று காலையிலிருந்து விடவே இல்லை. சத்தம்கூடக் குறைகிற மாதிரி இருக்கிறது, குறைந்தால் நல்லதுதானே?

அவள் ஒரு விளையாட்டு விளையாடுவாள் அக்கா. கையை இப்படி மடக்கி வாயில் வைத்துக்கொண்டு, 'புஸ்' என்று அவளே சத்தம் கொடுப்பாள். கண்ணை மூடி மூச்சைப் பிடித்துக்கொள்வாள். பம்பு அடித்த காலத்து ஞாபகம். "இப்ப சரியாயிடுச்சும்மா" என்பாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பாருங்கள், என்ன அழகாகச் சொல்கிறாள். அதைச் சொல்லாதே கண்ணு என்று வாயைப் பொத்துவேன்.

பரணிலிருந்து எடுத்து ஒரு தடவை அடித்துவிடலாமே என்று நினைக்கிறீர்கள். உங்கள் முகத்தில் தெரிகிறது, முகம் பார்க்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார்களே. நானும் நேற்று முக்காலியைப் போட்டு ஏறி நின்றேன். எட்டுகிறது. எடுத்தால் எடுக்கலாம். ஆனால் அடித்துவிட்டு அங்கே போய் நின்று நல்லா இருக்கா என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். கண்ணும் பட்டு, பொய்யும் சேர்ந்தால் பிள்ளை தாங்குவாளா? இறங்கிவிட்டேன்.

அது என்ன மடியில், பர்ஸா? ஓ, மாத்திரைப் பை. உங்களுக்குச் சர்க்கரை என்று வர்ஷி அப்பா சொன்னார். பொடி ஆரம்பித்தால் இதையெல்லாம் நிறுத்திவிடலாமா என்றா கேட்கிறீர்கள்? அதெல்லாம் எனக்குத் தெரியாது அக்கா, மேடம் சொல்வார். எனக்கு என் பெண்ணைப் பற்றி மட்டும்தான் சொல்லத் தெரியும். ஏன் பையை எடுத்து அந்தப் பக்கம் தள்ளி வைக்கிறீர்கள்? நான் இன்னும் பேசவே ஆரம்பிக்கவில்லையே.

கீரை தீர்ந்துவிட்டது. காம்புதான் மிச்சம். காம்பையே கொஞ்ச நேரம் உருவுகிறேன், இல்லாவிட்டால் இதைக் கேட்க எனக்கு வாய் வராது. வாசலில் வண்டிச் சத்தம். நாற்காலி வந்துவிட்டது போலிருக்கிறது.

ஒரு உதவி செய்ய வேண்டும் அக்கா. இன்றைக்கு நான் நன்றாகத்தான் பேசியாக வேண்டும், அவருக்காக. நன்றாகப் பேசினால் உள்ளே இருக்கிறவளுக்கு விழும், அதுவும் ஒரே கூரைக்குக் கீழே. இரண்டையும் யோசித்து யோசித்து ஒரு வழிதான் தெரிந்தது. கூட்டத்தில் ஒரே ஒரு முகத்துக்குத்தான் நான் சொல்வேன். இன்றைக்கு உங்களுக்குச் சொல்கிறேன். முன் வரிசையில் உட்காருங்கள். கேட்கிறவள் நம்பினால்தான் ஏங்குவாள், ஏங்கினால்தான் கண் படும். நம்பாதவள் கண் எப்படிப் படும்? அதனால் நான் எவ்வளவு அழகாகச் சொன்னாலும், அழுதாலும், கையால் காட்டினாலும், நீங்கள் மட்டும், மனசுக்குள்...

"சுகுணா, மேடம் வந்துட்டாங்க. கை கழுவிட்டு வா புள்ள."

இதோ, வந்துட்டேங்க. அக்கா, அந்தப் பையை இங்கேயே மறந்துவிடாதீர்கள், அதோடு நான் பேசும்போது நீங்கள்...